மருந்தகமா, வார்டா, ஆம்புலன்ஸா: மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளைக்கு எது கட்டுப்படியாகும்?

‘மெடிக்கல் அசிஸ்டென்ட்’ என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்கக் கணக்கு. அங்கே அது தனித் தொழில். சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்து சிஎம்ஏ என்ற சான்றிதழ்த் தேர்வு எழுதுவார்கள், சம்பளம் டாலரில் வரும். அந்தப் பொருளில் ஒரு பதிவுத் தொழில் தென்னாப்பிரிக்காவில் கிடையாது. டர்பனில் யாராவது அந்தப் பெயரில் சான்றிதழ் விற்றால், “படித்து முடித்ததும் எந்தக் கவுன்சிலில் எனக்குப் பதிவு எண் கிடைக்கும்?” என்று முதலில் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு. பதில் மழுப்பலாக வந்தால் கட்டணத்தைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே அந்த வேலைக்கு நெருக்கமானவை நான்கு: முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் குறும்பயிற்சி, மருந்தக உதவியாளர், துணை நர்ஸ், ஆம்புலன்ஸ் உதவியாளர். முதலாவதற்கு எந்தக் கவுன்சிலிலும் பதிவு இல்லை. மற்ற மூன்றுக்கும் கவுன்சில் உண்டு: மருந்தகத்துக்கு எஸ்ஏபிசி, நர்சுக்கு சாங்க், ஆம்புலன்ஸுக்கு ஹெச்பிசிஎஸ்ஏ.

குறும்பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதன் கவர்ச்சியும் அதுதான். சில வாரம், சில ஆயிரம் ராண்ட், கையில் சான்றிதழ். ஆனால் பதிவு இல்லாததால் முதலாளி குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் தர எந்தக் கட்டாயமும் இல்லை. 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, இங்கே வரும் கணக்குகள் அதை வைத்தே. வாரம் 45 மணி என்றால் மாதம் சுமார் 195 மணி, அதாவது 5,614 ராண்ட். இன்னொரு பொறியும் உண்டு. செட்டா என்ற துறைவாரிப் பயிற்சி ஆணையங்களின் பழைய தகுதிகளில் புதிதாகச் சேரக் கடைசி நாள் 2024 ஜூன் 30. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் 2027 ஜூன் 30க்குள் முடிக்க வேண்டும். இன்றும் பழைய ‘என்க்யூஎஃப் (தேசியத் தகுதிப் படிநிலை) லெவல் 1 ஆன்சிலரி ஹெல்த் கேர்’ பாடத்துக்கு ஆள் சேர்ப்பவர் இருந்தால், நீங்கள் கட்டும் பணத்துக்கு வெறும் வருகைச் சான்றுதான் மிஞ்சும்.

உண்மையான போட்டி மருந்தகத்துக்கும் வார்டுக்கும்தான்.

மருந்தக உதவியாளர் பயிற்சி இரண்டு படி: பேசிக், அதன்மேல் போஸ்ட் பேசிக். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓராண்டு. படிப்பு வகுப்பறையில் நடப்பதைவிடக் கவுன்டருக்குப் பின்னால் நடப்பது அதிகம். அங்கீகரிக்கப்பட்ட மருந்தகத்தில், பதிவு பெற்ற டியூட்டர் மருந்தாளுநரின் கண்காணிப்பில் வேலை செய்துகொண்டே பாடப்பகுதிகளை முடித்து, செய்த வேலைக்கான ஆதாரக் கோப்பைக் கட்ட வேண்டும். லேர்னர்ஷிப்பாக, அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சி ஒப்பந்தமாகக் கிடைத்தால் பயிற்சிக் கட்டணத்தை முதலாளி ஏற்பார், மாதந்தோறும் உதவித்தொகையும் தருவார். கிளிக்ஸ் போன்ற பெரிய மருந்தகச் சங்கிலிக்குச் சொந்தப் பயிற்சிக் கழகமே இருக்கிறது.

முதலாளி இப்படிச் செலவழிப்பதில் வரிச் சலுகையும் சேர்ந்திருக்கிறது. வருமான வரிச் சட்டம் 12ஹெச் பிரிவின்படி, என்க்யூஎஃப் 6 வரையிலான லேர்னர் ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 ராண்டை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நிறுவன வரி 27 சதவீதம் என்பதால் மிச்சம் 10,800. படிப்பை முடித்தால் இன்னொரு கழிவும் உண்டு. 2027 மார்ச் 31 வரை செய்யும் ஒப்பந்தங்களுக்கு இது செல்லும். இதை லேர்னரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது: முதலாளிக்கு லாபம் உங்கள் பயிற்சிக் காலத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வேலையில் வைத்துக்கொள்வதில் இல்லை. ஒப்பந்தத்தில் ‘18(2)’ என்று இருந்தால் நீங்கள் வேலையில்லாதவராகச் சேர்க்கப்பட்டவர், பயிற்சி முடிந்த அன்று ஒப்பந்தமும் முடியும். ‘18(1)’ என்றால் ஏற்கெனவே ஊழியர், வேலை தொடரும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒற்றை எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இந்த வழியில் சறுக்குவது பெரும்பாலும் டியூட்டரால். பயிற்சிப் பதிவு அந்த மருந்தகத்தோடும் அந்த டியூட்டரோடும் கட்டப்பட்டது. மருந்தாளுநர் ராஜினாமா செய்தாலோ கடை கைமாறினாலோ புதுப் பதிவு ஏறும்வரை உங்கள் மாதங்கள் கணக்கில் சேராமல் போகலாம். காகிதம் கவுன்சிலுக்குப் போய்விட்டதாக மேலாளர் வாயால் சொல்வதை நம்பாமல், பதிவுக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

இனி வார்டு. துணை நர்ஸுக்கான ஹையர் சர்டிஃபிகேட் ஓராண்டு, என்க்யூஎஃப் 5. நான்கு இடங்களில் சரிபார்க்க வேண்டும்: உயர்கல்வித் துறையில் கல்லூரிக்குப் பதிவு, சிஹெச்இ என்ற உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம், தகுதிகளைப் பதிவு செய்யும் சாக்வாவின் எண், கடைசியாக சாங்க் அங்கீகாரம். கல்லூரியின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் வளாகமும் அந்தப் பாடமும் அதில் இருக்க வேண்டும். மாணவராக சாங்க் பதிவு ஏறாமல் வார்டில் நின்ற மணிநேரத்துக்கு மதிப்பில்லை.

செலவைக் கல்லூரி விளம்பரத்தை வைத்துப் போடாதீர்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. தொகைகளை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் 45,000. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுன், அங்கிருந்து மருத்துவமனை, திரும்பவும் அப்படியே: நாளுக்கு நான்கு மினிபஸ் டாக்ஸி, ஒன்றுக்கு 18 வீதம் 72. வருடத்தில் பதினொரு மாதம், 220 நாள் என்றால் 15,840. சீருடை, வெள்ளைக் காலணி, மார்பில் குத்தும் கடிகாரம், மூன்று தவணை ஹெப்படைட்டிஸ் பி ஊசி, கவுன்சில் கட்டணம் எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 65,840. அந்தப் பதினொரு மாதம் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய 61,754ஐயும் சேர்த்தால் 1,27,594. பிறகு மாதம் 9,500 கிடைக்கிறது என்று வைத்தால், குறைந்தபட்ச ஊதியத்தைவிட 3,886 கூடுதல். போட்ட பணம் திரும்ப 33 மாதம் ஆகும்.

மருந்தகத்துக்கும் அதே அளவுகோல்: உதவித்தொகை மாதம் 4,000 என்றால் 24 மாதத்தில் இழப்பது 38,736. முடிந்தபின் 8,500 என்றால் கூடுதல் 2,886. பதின்மூன்று, பதினான்கு மாதத்தில் சமன். சம்பளம் குறைவாக இருந்தும் மருந்தகம் முந்துகிறது. பதிவு எண்ணுக்கும் முதல் வேலைக்கும் காத்திருக்கும் மாதங்களை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். வார்டுக் கணக்கில் ஒரு மாதக் காத்திருப்பு, ஈடுகட்டும் காலத்தை ஏறக்குறைய ஒன்றரை மாதம் தள்ளிப்போடும். பகல் ஷிஃப்ட் காலை ஏழிலிருந்து மாலை ஏழு என்பதால், இருட்டியபின் டாக்ஸி கிடைக்காத இடமென்றால் பயணச் செலவையும் கூட்டுங்கள்.

ஆனால் வார்டுக்கு ஆதரவாகப் பெரிய வாதம் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். பதின்மூன்றாம் மாதச் சம்பளம், வீட்டு உதவி, மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டில் அரசின் பங்கு, ஓய்வூதியம் எல்லாம் சேரும். ஜிஇபிஎஃப் ஓய்வூதிய நிதிக்கு ஊழியர் 7.5 சதவீதம் கட்டினால் அரசு 13 சதவீதம் போடுகிறது. மாறாக, ஏஜென்சி வழியாக ஷிஃப்ட் எடுத்தால் வேலையில்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ‘மாதம் இவ்வளவு வரும்’ என்று ஏஜென்சி சொன்னால் எத்தனை ஷிஃப்டுக்கு உறுதி என்று கேளுங்கள்.

பழைய தலைமுறையில் நர்ஸாக இருந்த சித்தியோ மாமியோ “முதலில் ஆக்சிலரியாகச் (துணை நர்ஸ்) சேர், அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ், பிரிட்ஜிங் (இணைப்புப் படிப்பு) பண்ணி சிஸ்டர் (முழுத் தகுதி பெற்ற நர்ஸ்) ஆகலாம்” என்பார்கள். அவர்கள் ஏறிய ஏணி இன்று அப்படியே இல்லை. பழைய பாடத்திட்டங்களில் புதுச் சேர்க்கை 2019 முடிவோடு நின்றுவிட்டது. இப்போது சிஸ்டர் ஆக மூன்றாண்டு டிப்ளமாவோ நான்காண்டுப் பட்டமோ வேண்டும். துணை நர்ஸ் படிப்பில் எவ்வளவைக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பது கல்லூரியின் கையில். ஆகவே சிஸ்டர் ஆவதுதான் குறி என்றால், மதிப்பெண் இருக்கும் பிள்ளை நேராக டிப்ளமாவுக்கே விண்ணப்பிக்கட்டும். மாகாண நர்சிங் கல்லூரிக்கு சாட்ஸ்வொர்த் ஆர்.கே. கான் மருத்துவமனையிலேயே வளாகம் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000க்குள் என்றால் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவியும் உண்டு. தனியார் கல்லூரிக்கு என்எஸ்ஃபாஸ் தராது. “என்எஸ்ஃபாஸ் வாங்கித் தருகிறோம்” என்று ஒரு தனியார் கல்லூரி சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

ஆம்புலன்ஸ் பக்கம் சுருக்கமாக. நான்கு வாரத்தில் முடிந்த பழைய பிஏஏ (அடிப்படை ஆம்புலன்ஸ் உதவியாளர்) குறும்பயிற்சியின் காலம் போய்விட்டது, இப்போது ஓராண்டு ஹையர் சர்டிஃபிகேட். கட்டணத்தோடு யாரும் எழுதாத செலவு ஓட்டுநர் உரிமம்: வேலை விளம்பரங்கள் சி1 என்ற கனரக வாகன உரிமமும் பிஆர்டிபி என்ற தொழில்முறை அனுமதியும் கேட்கின்றன. ஆட்களை ஏற்றும் வகை பிஆர்டிபிக்குக் குறைந்தது 21 வயது. பதினெட்டில் சேர்ந்து பத்தொன்பதில் முடிப்பவர் இரண்டு ஆண்டு சும்மா இருக்க நேரலாம்.

ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்ட குடும்பம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரிய வெள்ளி பொது விடுமுறை, வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். ஷிஃப்ட் பட்டியலில் புதியவருக்கு அந்த நாளில் விடுப்புக் கிடைப்பது அரிது. மருந்தகத்தில் டிசம்பரும் அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்தபின்னும் ஒரு செலவு ஆண்டுதோறும் வரும். சாங்க் ஆண்டுக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டாவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும், மீட்கத் தனிக் கட்டணம். பதிவில்லாமல் வார்டில் நிற்கக்கூடாது என்பதால் ஜனவரிச் சம்பளமும் ஆட்டம் காணும். நவம்பர் சம்பளத்திலேயே கட்டிவிடுங்கள்.