முதலமைச்சர் காப்பீட்டு கார்டு: பல வருசமா வச்சிருக்கவன் சொல்றேன்

2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டிய எடுத்துட்டாங்கள்ல, அதுல இருந்து எங்க ரேடியோ கூட்டத்துல கூட இதே பேச்சுதான். காரைக்குடில பழைய வால்வ் ரேடியோ சேக்குறவங்க, ரிப்பேர் பாக்குறவங்க கொஞ்சப் பேரு ஞாயித்துக்கிழமை கூடுவோம். பெரிய வீடுகள பாகம் பிரிச்சு இடிக்கும்போது வெளிய வர்ற மர்பி, பிலிப்ஸ் செட்டுகதான் எங்க உசுரு. அங்க தேவகோட்டை நண்பன் ஒருத்தன் கண்டன்சர் கால வெட்டிக்கிட்டே கேட்டான், "பிரீமியம் கொறஞ்சிருக்காம்டா, அம்மாவுக்கு பாலிசி போடவா, இல்ல முதலமைச்சர் கார்டே போதுமா? நீதான் ரொம்ப நாளா அத வச்சு ஓட்டுற"ன்னு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க. அது கலைஞர் குடுத்த கார்டுன்னு ஒரு அண்ணே, இல்லண்ணே அம்மா குடுத்ததுன்னு இன்னொருத்தரு, அஞ்சு லட்சம் ஆக்குனது மோடிதான்னு நம்ம மாப்ள ஒருத்தன். அப்படியே மதுரை எய்ம்ஸுக்குப் போயி, 2019 ஜனவரில தோப்பூர்ல அடிக்கல் நாட்டுனது என்னாச்சுன்னு ஒரு குரூப்பு, நீட் வந்ததால நம்ம பிள்ளைக டாக்டராக முடியலன்னு ஒரு குரூப்பு, சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. கேட்டவனுக்கு பதிலே கிடைக்கல. அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த சண்டைய முடிச்சுர்றேன். 2009 ஜூலைல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு, குடும்பத்துக்கு நாலு வருசத்துக்கு ஒரு லட்சம். ஆட்சி மாறுனதும் 2012 ஜனவரில ஜெயலலிதா அத மாத்தி, வருசத்துக்கு ஒரு லட்சம், சில பெரிய சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம்னு விரிவான காப்பீட்டுத் திட்டமா கொண்டு வந்தாங்க. 2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோட சேத்தாங்க, அஞ்சு லட்சம் ஆச்சு. மத்திய அரசு பட்டியல்ல இல்லாத குடும்பங்களுக்கும் மாநில அரசு தன் காச போட்டு குடுக்குது. மூணு பேரு சொன்னதும் உண்மைதான், ஆந்திராவுல ராஜசேகர ரெட்டி 2007லயே இதே மாதிரி ஆரோக்யஸ்ரீன்னு ஒரு காப்பீட்டுத் திட்டம் ஆரம்பிச்சுட்டாரு, அதயும் சேத்துக்கங்க. எனக்கு யாரு பேரு கார்டுல இருக்குங்கறது முக்கியமில்ல. ராத்திரி நெஞ்சு வலின்னு கொண்டு போனா அது வேலை செய்யுதாங்கறதுதான் முக்கியம்.

நல்லத சொல்றேன். எங்க மச்சானுக்கு கிட்னி போயி டயாலிசிஸ் ஓடுது, சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில. 2012ல அந்தக் காலேஜ் வராம இருந்திருந்தா வாரா வாரம் மதுரைக்கு ஓடி ஓடியே குடும்பம் அழிஞ்சிருக்கும். அரசு ஆஸ்பத்திரிதான் எல்லாமே இலவசமாச்சே, அங்க எதுக்கு கார்டுன்னு முன்னாடி எங்க அக்கா கேப்பாங்க. விசயம் என்னன்னா, கார்டு வழியா சிகிச்சை பாத்தா இன்சூரன்ஸ் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே வருது, அதுல மெசின் சாமான் வாங்கிக்கறாங்க, வேலை பாக்குறவங்களுக்கும் ஊக்கத்தொகை போகுது. அதனால அங்க கார்ட நீட்டுனா மூஞ்சிய சுளிக்கறதில்ல, எங்க கார்டுன்னு அவங்களே கேக்குறாங்க. காப்பீட்டு கவுண்டர்ல இருந்த பொண்ணு எங்க அக்காவ ஒக்கார வச்சு, ரேசன் கார்டுல மச்சான் பேருல இருந்த எழுத்துப் பிழைய காட்டி, இதோட விட்டீங்கன்னா பின்னாடி தொந்தரவாகும், இ-சேவைல போயி மாத்திட்டு வந்துருங்கன்னு எந்த பாரத்துல எங்க கையெழுத்து போடணும்கற வரைக்கும் பென்சில்ல சுழிச்சு குடுத்துச்சு. சொந்தக்காரங்க கூட இப்படி செய்ய மாட்டாங்க. இத நான் எதிர்பாக்கவே இல்ல, இன்னிக்கும் அந்தப் பொண்ண நெனச்சா மனசு குளுந்து போகுது.

சுகர் பிரஷர் மாத்திரைக்கு இந்தக் கார்டு தேவையில்ல, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்ததுல இருந்து அம்மாவுக்கு வீட்டுக்கே வந்துருது. அது வேற கணக்கு.

இப்ப கடுப்புக்கு வர்றேன். எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து நம்ம ஊரு ஜிஎச்ல இசிஜி எடுத்துட்டு ஒடனே ஆஞ்சியோ, அதான் இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற டெஸ்டு, பாக்கணும்னு சொல்லிட்டாங்க. பதட்டத்துல சொந்தக்காரங்க எல்லாரும் சொன்ன ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், பேரு வேண்டாம், திட்டத்துல இருக்கற ஆஸ்பத்திரிதான், வாசல்லயே முதலமைச்சர் படத்தோட பெரிய போர்டு. கார்ட வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாங்க. அப்பறம் "அப்ரூவல் வரல சார், ஆஞ்சியோவுக்கு இப்ப பணம் கட்டிருங்க, ஸ்டென்டுக்கு கார்டுல பாத்துக்கலாம்"னாங்க. ஸ்டென்ட்னா அடைச்ச குழாய விரிச்சு வைக்கிற சின்ன வலை. அப்பா உள்ள வேர்த்துக் கொட்டிக்கிட்டு கெடக்காரு, அந்நேரம் எவன் சட்டம் பேசுவான்? தங்கச்சி வளையல வச்சு பணம் பொரட்டிக் கட்டுனோம். அதுக்கு குடுத்த ரசீத இன்னும் பீரோல வச்சிருக்கேன். ஒரு வெள்ளைச் சீட்டு, ஆஸ்பத்திரி பேரு கெடையாது, சீல் கெடையாது, நம்பர் கெடையாது, பால்பாயின்ட் பேனால தொகையும் கீழ ஒரு கிறுக்கலும் மட்டும். பில்லு எங்கன்னு கேட்டதுக்கு "கார்டு கேசுக்கு இப்படித்தான்"னு பதிலு.

மறுநாள் அப்ரூவல் வந்துச்சு, ஸ்டென்ட் வச்சாங்க, அதுக்கு ஒத்த ரூபா வாங்கல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு பாரத்துல கையெழுத்து கேட்டாங்க, எங்கிட்ட எந்தப் பணமும் வாங்கலன்னு அதுல எழுதியிருக்கு. நான் போட மாட்டேன்னேன். போட்டாத்தான் டிஸ்சார்ஜ்னாங்க. அப்பா வீட்டுக்குப் போலாம்டா போலாம்டான்னு கைய புடிச்சு இழுக்காரு, போட்டேன். திட்டத்துல சேந்த சிகிச்சைன்னா டெஸ்டு, மருந்து, பெட்டு, சாப்பாடு எல்லாம் பேக்கேஜுக்குள்ளயே, அதான் அந்த சிகிச்சைக்கு திட்டத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு குடுக்குற மொத்தத் தொகைக்குள்ளயே அடக்கம், நோயாளிகிட்ட கை நீட்டக் கூடாது, இதுதான் விதி. விதி இருக்கு, அத வச்சுக்கிட்டு ராத்திரி நேரத்துல யாருகிட்ட போயி நிக்கிறது?

எங்க மாப்ள சொல்றான், 2017 பிப்ரவரில ஸ்டென்ட் விலையவே மத்திய அரசு கட்டுப்படுத்திருச்சுல்ல, அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல வித்தத, மருந்து பூசுன ஸ்டென்ட் 29,600 ரூபான்னு கொண்டு வந்தாங்கல்லன்னு. ஆமா, நல்ல வேலைதான், நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். கலைஞர் கார்டுன்னு சொன்ன அந்த அண்ணே சொல்றாரு, ஆஸ்பத்திரிக்கு குடுக்குற பேக்கேஜ் ரேட்டு கம்மி, அதான் அவங்க சுத்தி வளச்சு வாங்குறாங்கன்னு. ரேட்டு பத்தலன்னா அரசாங்கத்துகிட்ட சண்ட போடு, திட்டத்த விட்டு வெளிய போ, வாசல்ல போர்ட வச்சுக்கிட்டு உள்ள எங்க தங்கச்சி வளையல கேக்காத. எந்தக் கட்சிக்காரனும் இந்த எடத்த மட்டும் பேச மாட்டேங்குறான், எனக்கு அதான் ஆத்திரம். பேரு யாரோடதுன்னு பேசுறதுக்கு ஆள் இருக்கு, வெள்ளைச் சீட்டப் பத்தி பேச ஒருத்தன் இல்ல.

இன்னொண்ணு, வருமான வரம்பு. முன்னாடி வருசம் 72,000 இருந்தது, இப்ப 1,20,000. கூட்டுனது நல்லதுதான், ஆனா மாசம் பத்தாயிரம்தானே ஆச்சு? லேத்துல நிக்கிறவன், டைல்ஸ் ஒட்டுறவன் எல்லாம் அதுக்கு மேலதான் சம்பாதிக்கறான், ஒரு ஆபரேசன்னா அவனும் நடுத்தெருவுக்குத்தான் வருவான். வருமானச் சான்றுக்கு விஏஓகிட்ட போயி நிக்கும்போது உண்மைய சொன்னா கார்டு கெடையாது. நேர்மையா இருக்கறவனுக்கு தண்டனையா இது? இந்த வரம்ப இன்னும் நல்லா ஏத்தணும்.

சரி நண்பன் கேட்டதுக்கு வர்றேன். ஒங்க அம்மாவுக்கு ஏற்கனவே சுகர் இருக்கு. தனியார் பாலிசில பழைய நோய்க்கு காத்திருப்பு காலம்னு ஒண்ணு இருக்கு, 2024ல அத நாலு வருசத்துல இருந்து அதிகபட்சம் மூணு வருசமா கொறச்சிருக்காங்க, ஆனாலும் அது வரைக்கும் சுகரால வர்ற செலவுக்கு கைக்காசுதான். வயசு கூடுனவங்களுக்கு பிரீமியம் எவ்வளவுன்னு நீயே கேட்டுப் பாரு, ஜிஎஸ்டி போனாலும் மலைப்பாத்தான் இருக்கும். கார்டுல அந்த காத்திருப்பு கெடையாது, எடுத்த அன்னிக்கே செல்லும். அதனால வரம்புக்குள்ள இருந்தா கண்ண மூடிக்கிட்டு கார்டு எடு. ரேசன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு, அம்மாவயும் கூட்டிக்கிட்டு சிவகங்கை கலெக்டர் ஆபீசுல இருக்கற காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போ, போட்டோ அங்கயே எடுத்துக்குவாங்க. சும்மா இருக்கற நாள்லயே போயிரு, ஆம்புலன்ஸ்ல ஏத்துன பெறகு ஓடாத. எந்த ஆஸ்பத்திரில எந்த சிகிச்சைக்கு கார்டு செல்லும்னு முன்கூட்டியே விசாரிச்சு வையி, ஒரே ஆஸ்பத்திரில கண்ணுக்கு செல்லும், இதயத்துக்கு செல்லாது, அப்படியும் இருக்கு.

ஆனா மார்க்கு போடச் சொன்னா நான் பத்துக்கு மூணுதான் போடுவேன். எங்க அப்பா உசுரோட இருக்காரு, மச்சான் வாரா வாரம் டயாலிசிஸ் முடிஞ்சு பஸ் ஏறி வீட்டுக்கு வர்றாரு, ரெண்டும் இந்தக் கார்டாலதான், மறுக்கல. அப்பறம் எதுக்குடா மூணுன்னு எங்க அக்காவே சண்டைக்கு வர்றாங்க. அந்த வளையல இன்னும் திருப்பல, அடகுக்கடைல வட்டி ஏறிக்கிட்டு இருக்கு. அத மீட்டுட்டு வந்து வேணும்னா கூட ரெண்டு மார்க்கு போடுறேன்.