கிணத்து நீச்சலா, நீச்சல்குளமா?

கொங்கு நாட்டுப் பாறைக்கிணறுகளில் அந்தக் காலத்துப் பொடுசுகள் நீச்சல் பழகியது சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூடு கட்டித்தான். நன்றாகக் காய்ந்த 2 புருடைகளை முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வைத்துக் கட்டுவார்கள். இடுப்புக்கு இறங்கினால் தலை தாழ்ந்துவிடும். புருடையில் விரிசல் இருந்தால் தண்ணீர் ஏறிக் கனக்கும். கட்டுமுன் வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மார்பில் சுற்றிய கயிற்றின் மறுமுனை, படியில் நிற்கும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கையில் இருக்கும். விட்டுப்போட்டு வளர்த்த காலம் என்கிறோம், அந்தக் கயிறு மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

முதுகு மிதப்பதால் உடம்பு படுக்கைவாட்டில் கிடக்கும், கால் தானாக அடிக்கும். நீச்சல்குளத்தில் கையில் மாட்டும் காற்றுப்பையோ பிள்ளையை நட்டுக்குத்தலாக நிறுத்திவிடும். அதற்கு மிதவைப் பலகையைப் பிடித்து உதைப்பதே மேல். கண்ணெரிச்சலுக்குக் குளோரினைத் திட்டுகிறோம். வியர்வையும் சிறுநீரும் அதோடு கலந்து உண்டாகும் குளோரமின்தான் முக்கியக் காரணம். குளித்துவிட்டு இறங்கினால் குறையும்.

நீச்சல்குளத்தில் ஆழம் தெரியும், ஓரத்தில் பிடிக்கக் கம்பி உண்டு. கிணற்றில் துருத்திய பாறை, ஒரே பக்கம் படி, மோட்டார் வயரில் கசியும் கரண்ட். மெயினை அணைக்காமல் யாரையும் இறக்கக் கூடாது. போர்வெல் வந்தபின் பல கிணறுகளில் அடிப்பாறைதான் தெரிகிறது. தண்ணீரும் கயிறு பிடிக்க ஆளும் இருந்தால், பழக நமக்குக் கிணறுதானுங்க.