ஒசாகா–கோபே: ஹான்க்யூவா, ஹான்ஷினா?

இரண்டும் ஜப்பானில் ஒசாகா, கோபே நகரங்களை இணைக்கும் தனியார் ரயில் பாதைகள். 2006 முதல் ஒரே குழுமத்தின் கீழ். கட்டணமும் சமம் என்பதால் பலருக்குக் குழப்பம்.

வயது: ஹான்ஷின் 1905. அரசு ரயிலுக்குப் போட்டியாக, டிராம் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்கிப் போட்ட பாதை. அதனால்தான் ஊருக்கு ஊர் நின்று, வளைந்து வளைந்து போகிறது. ஹான்க்யூ கோபே பாதை 1920. மலையோரமாக நேராகப் போட்டது.

வேகம்: ஒசாகாவின் உமேதாவிலிருந்து கோபேயின் சன்னோமியாவுக்கு ஹான்க்யூ அதிவிரைவு ஏறத்தாழ 27 நிமிடம். ஹான்ஷின் நாலைந்து நிமிடம் கூடுதல்.

நிலையங்கள்: ஹான்க்யூவில் 16, ஹான்ஷினில் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் ஹான்ஷினின் சாதாரண வண்டிகள் 'ஜெட் கார்' எனப்படும் தனி ரகம்: கிளம்பும்போது ஒவ்வொரு நொடியும் வேகம் மணிக்கு 4 கி.மீ. கூடும். பின்னால் வரும் விரைவு வண்டிக்கு வழிவிட்டாக வேண்டுமே! நின்றபடி பயணித்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறுமிடம்: இரண்டு நிலையத்துக்கும் 'ஒசாகா-உமேதா' என்றே பெயர். ஹான்க்யூ மேலே, 7 முதல் 9 வரையிலான தடங்கள், ஹான்ஷின் நிலத்தடியில். பெயரை மட்டும் பார்த்துப் போனால் வழி தவறும்.

சன்னோமியாவுக்கு நேரே போக ஹான்க்யூ. கோஷியென் பேஸ்பால் மைதானம், வண்டி மாறாமல் ஹிமேஜி, 2009 முதல் சன்னோமியாவிலிருந்து நம்பா வழியாக நாரா, இவற்றுக்கெல்லாம் ஹான்ஷின்.