பானெட்டில் சோலார் ஒட்டலாமா? குமரிக்காரன் ஒருவனின் கூட்டல் கழித்தல்

சவுதியில் தமாமில் வேலை பார்க்கும் சித்தி மகன் லீவுக்கு வந்தபோது ஒரு மஹிந்திரா தார் ஜீப் வாங்கினான். நாற்பது நாள் ஆசை தீர ஓட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வண்டி மார்த்தாண்டத்தில் வீட்டோரத் தகர ஷெட்டில் நிற்கிறது. மூணாம் மாசம் சித்தப்பா சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். அன்று ராத்திரியே அவனிடமிருந்து ஒரு வீடியோவும் மெசேஜும்: "அண்ணே, பானெட்டுல சோலார் ஒட்டியிருக்கான் பாரு. நம்ம வண்டிக்கும் போட்டா என்ன?"

என்னிடம் கேட்டதில் நியாயம் உண்டு. குளச்சலில் என் ஜீப்பின் பானெட்டில் 14 மாசம் அப்படியொரு 100 வாட் பேனல் ஒட்டியிருந்தேன். இப்போது இல்லை.

ஒட்டியதற்குக் காரணம் இருந்தது. என்னுடையது சாஃப்ட் டாப். கூரையே துணி என்றால் கேரியர் எங்கே, பேனல் எங்கே? வண்டியில் வெயில் படும் ஒரே பெரிய இரும்புத் தகடு பானெட்தான். வெளிநாட்டில் ஜீப் ராங்லர், லேண்ட் குரூசர் பானெட்டுகளின் வடிவத்துக்கே வெட்டிய வளையும் பேனல்களை லென்சன், கஸ்கேடியா 4x4 போன்றவர்கள் விற்கிறார்கள். இங்கே சாதாரண செவ்வக வளையும் பேனலே கிடைத்தது. எடை ரெண்டு கிலோ. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, வயரை எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டுக்குள் விட்டு, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வழியாக பேட்டரிக்கு. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். அரை நாள் வேலை. காற்றில் சத்தமில்லை, உயரம் கூடவில்லை, பார்க்கிறவன் எல்லாம் தடவிப் பார்த்தான்.

முதலில் தோற்றது சூட்டிடம். பேனலின் 100 வாட் என்பது, அதில் மின்சாரம் உண்டாக்கும் சின்னத் தகடான செல்லின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை சக்தி குறையும். கீழே எஞ்சின், மேலே ஏப்ரல் வெயில், நடுவில் காற்றுப் போக இடுக்கில்லாமல் ஒட்டிய பேனல். செல் 75 டிகிரியைத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. கன்ட்ரோலர் திரையில் 78 வாட்டுக்கு மேல் ஒருநாளும் நான் கண்டதில்லை. சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்குப் பதில், பேனலிலிருந்து முடிந்தமட்டும் சக்தியை உறிஞ்சும் விலை கூடிய எம்பிபிடி கன்ட்ரோலர் போட்டால் அள்ளும் என்பார்கள். பேனல் சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கிவிடுவதால், நம் ஊர் மத்தியானத்தில் எம்பிபிடிக்கும் பிடபிள்யூஎம்முக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கிவிடும். ஒற்றைப் பேனலுக்கு அந்தக் கூடுதல் காசு வீண் என்பது என் கட்சி.

அடுத்தது நிழல். பானெட்டுக்குப் பின்னால் வண்டியின் உடம்பே சுவர் மாதிரி நிற்கிறது. மூக்கைக் கிழக்கே வைத்து நிறுத்தினால் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் கேபின் நிழல் பேனலில் ஏறும். இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. நாம் இருப்பது 8 டிகிரி வடக்கில். டிசம்பரில் உச்சி வெயில் தெற்கே சாயும், ஜூனிலோ சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆக டிசம்பரில் மூக்கைத் தெற்கே வைக்க வேண்டும், ஜூனில் வடக்கே. பெட்டிக்கடை முன்னால் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தியபோது கடைக்காரர் வாஸ்துவா என்று கேட்டார்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜனவரியில் ரெண்டு நாள் தங்கினேன். இலை உதிர்கிற காலம். உள்ளங்கை அகலத்தில் ஒரு காய்ந்த இலை பேனலின் மூலையில் விழுந்தது. திரையில் 60 சொச்சம் இருந்தது 30-க்கு வந்துவிட்டது. செல்கள் தொடராகக் கோத்தவை, ஒன்று மறைந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். அதுமட்டுமில்லை, மறைந்த செல் தானே சூடாகிக் கருகவும் செய்யும். என் பேனலில் அந்த மூலைச் செல்லில் பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது, பிறகு அதன் மேல் ஒரு கொப்புளம்.

கடைசியாகக் கடற்காற்றின் உப்பு. ஒரு நாள் ஓரம் தூக்கி நின்றதைக் கண்டு நகத்தால் நிமிண்டினேன். டேப் இழுபட்டு வந்தது. அடியில் மணலும் உப்பும் குழைந்த வெள்ளைப் பொடி, அது பெயின்டைத் தேய்த்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு. டிங்கரிங் செலவைச் சேர்த்தால் அந்த மின்சாரம் எனக்கு யூனிட் எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போடவே மனசு வரவில்லை.

ஹார்ட் டாப், அதாவது கெட்டிக் கூரை, வைத்திருப்பவர்களுக்குக் கூரைதான் இடம். அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிப் பேனல் ஆறு ஏழு கிலோ வரும். ஆனால் கேரியரில் ரெண்டு இஞ்ச் இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடி அது குளிர்ச்சியாக இருக்கும், கேபின் நிழலும் கிடையாது. காஷ்மீர்க்காரன் பேனலைச் சாய்த்தாக வேண்டும், நமக்கோ சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருப்பதால் மட்டமாகப் படுத்திருந்தாலே போதும். செயல்திறனுக்கு 25 வருஷ உத்தரவாதம் என்பது கண்ணாடிப் பேனலுக்குச் சாதாரணம். வாட்டுக்கு வாட்டு விலையும் குறைவு. தொல்லை வேறு பக்கம். பதிவின்போதிருந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. கேரியர் தூரத்திலேயே கண்ணில் படும், அதுவும் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கேட்கவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பானெட் பேனலுக்கு மதிப்பெண் கூட.

மடக்குப் பேனல் எனக்குப் பிடித்த சாமான். மனுஷனுக்கும் வண்டியில் கொண்டுபோகும் ஃப்ரிட்ஜுக்கும் நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். வண்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, அஞ்சு மீட்டர் வயரில் பேனலை மட்டும் வெயிலில் விரிப்பது இதில்தான் நடக்கும். ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூலையில் விரித்துவிடாதீர்கள். முப்பந்தல் காற்றாடிகளைச் சுற்றுகிற காற்று இதையும் சும்மா விடாது. என்னுடையது முள்வேலி வரை பறந்து போய்க் குப்புற விழுந்தது. மூலைக்கொரு கல் வைத்தால் தீர்ந்தது. அப்புறம், பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். முட்டம் கடற்கரையில் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போக முடியாது.

இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிடுகிற நாலாவது ஒன்று உண்டு. டிசி-டிசி சார்ஜர். வண்டி ஓடும்போது, எஞ்சின் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்கென்று வைக்கும் ரெண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏறக்குறைய 270 வாட். நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறை அணைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் பானெட் பேனல் ஒரு முழு வெயில் நாளில் தந்ததை அந்த ஒரு ஓட்டம் தந்துவிடும். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் நம் புழுக்கத்தில் நாளொன்றுக்கு 400, 500 வாட்-அவர் தின்னும். பானெட் பேனலை மட்டும் நம்பி அதை ஓட்டினால் ரெண்டாம் நாள் மீன் நாறும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபரிலும் எந்தப் பேனலும் கால்வாசிக்கு வந்துவிடும் நாட்கள் உண்டு. ஆல்டர்நேட்டருக்கு மேகம் தெரியாது. தினமும் வண்டியை நகர்த்துகிறவர் சோலார் பக்கமே போக வேண்டாம். ஒரே இடத்தில் ரெண்டு நாளுக்கு மேல் தங்குகிறவர் கூடவே ஒரு மடக்குப் பேனல் வாங்கிக்கொள்ளட்டும்.

அப்படியானால் பானெட் பேனல் யாருக்குத்தான்? நிற்கிற வண்டிக்கு. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று நின்ற வண்டியும் 40 மில்லியாம்பியர் அளவுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாசத்துக்கு 29 ஆம்பியர்-அவர் ஆகிறது. 60 ஆம்பியர்-அவர் பேட்டரி மூணாம் மாசம் டிக் டிக் சொன்னதில் ஆச்சரியமில்லை. இதை ஈடுகட்ட 100 வாட் எதற்கு, 20 வாட் போதும். எஞ்சின் ஓடாததால் அடியில் சூடும் இல்லை. வீட்டில் ஷெட் இல்லாமல் திறந்த வெளியில் வண்டியை விட்டுவிட்டுக் கப்பலுக்கோ பட்டாளத்துக்கோ போகிறவர் தாராளமாக ஒட்டலாம். தென்னை மரத்தடியில் மட்டும் வேண்டாம்.

தம்பிக்கு இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். முழுசாகக் கேட்டானா தெரியாது. அடுத்த ஞாயிறு மார்த்தாண்டம் போய் ஒரு 20 வாட் கண்ணாடிப் பேனலும் சின்ன கன்ட்ரோலரும் மாட்டிவிட்டு, சித்தப்பா ஸ்டார்ட் பண்ணுகிற வீடியோவை அனுப்பினேன். ராத்திரி கூப்பிட்டான்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆச்சு, செரி. பானெட்டுல ஒண்ணையும் காணல்லியே?"

"வண்டி நிக்கது ஷெட்டுக்குள்ளடே. தகரத்துக்கு மேல பாரு."