கல்விச்சபைத் தேர்தலில ஆரை நம்புறது: தெரிஞ்ச முகத்தையா, நோட்டீஸையா, பதிவையா?

கனடாவில ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் மாநகரத் தேர்தல் வந்தால் மேயருக்கு ஆர் நிக்கினம், கவுன்சிலருக்கு ஆர் நிக்கினம் எண்டு எங்கட சனத்துக்கு ஓரளவு தெரியும், ஆனால் அதோட சேர்ந்து வாற கல்விச்சபை ட்ரஸ்டி, அதாவது பள்ளிக்கூடங்களை நடத்துற சபைக்கு நாங்கள் அனுப்புற பிரதிநிதி, அந்தத் தெரிவுக்கு வரேக்க தான் கை தயங்கும். கட்சிப் பேர் ஒண்டும் போட்டிருக்காது, வெறும் ஆக்களின்ர பேர் மட்டும். தெரியாத பேருகளுக்குள்ள தமிழ்ப் பேர் ஒண்டு கிடந்தால் அதுக்குப் புள்ளடி, இல்லாட்டி அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டு வாறது, எனக்குத் தெரிஞ்ச கன பேர் இப்பிடித்தான் செய்யினம். 2022 ஒக்டோபர் 24 நடந்த தேர்தலில ரொறன்ரோவில நூற்றுக்கு 30 பேர் கூட வாக்குப் போடேல்லை. அந்தத் தேர்தலில ரொறன்ரோ பொதுக் கல்விச்சபைக்கு 22 ட்ரஸ்டிமார், சபையின்ர வருசச் செலவு 3 பில்லியன் டொலருக்கு மேல, எங்கட பிள்ளையள் ஆயிரக்கணக்கில படிக்கிற இடம். அதுக்கு ஆள் அனுப்புறதை நாங்கள் இவ்வளவு லேசா எடுக்கிறது எனக்கு உண்மையிலேயே கவலை.

ஆனபடியா ஒரு வேட்பாளரை நம்பலாமா இல்லையா எண்டு முடிவெடுக்க எங்கட ஆக்கள் பாவிக்கிற வழியளை ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைச்சுப் பாப்பம். என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிறன். இந்தப் பதவியால என்ன ஏலும், என்ன ஏலாது எண்டு தெரிஞ்சு, ஏலாததை முகத்துக்கு நேர சொல்லுற ஆளைத்தான் நான் நம்புவன். அப்பிடியான ஆளைக் கண்டுபிடிக்க எந்த வழி கூட உதவுது எண்டு தான் பாக்கிறன்.

எல்லாரும் முதல் பிடிக்கிற வழி தெரிஞ்ச ஆக்களின்ர சொல். கோயில், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், வாட்ஸ்அப் குரூப், ரேடியோ. "எங்கட பெடியன், நல்ல பெடியன், போட்டு விடுங்கோ." இதை நான் ஒரேயடியாத் தள்ளி வைக்க மாட்டன், ஏன் எண்டால் ஒரு ஆள் கன வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளையளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் குடுத்தவரா, இல்லை தேர்தலுக்கு ஆறு மாசத்துக்கு முன்னம் தான் ஊருக்குள்ள முகம் காட்டினவரா எண்டதை எந்த நோட்டீஸும் சொல்லாது, பக்கத்தில இருந்து பாத்த ஆக்கள் தான் சொல்லுவினம். ஆனால் அவைக்குத் தெரிஞ்சது ஆளின்ர குணம், வேலையைப் பற்றி அவை ஒண்டும் கேட்டிருக்க மாட்டினம். இன்னொரு சிக்கல், ஒரே சிபாரிசு நாலு குரூப்பில, ரெண்டு கடையில, ஒரு கலியாண வீட்டில எண்டு திரும்பத் திரும்பக் காதில விழேக்க எல்லாரும் விசாரிச்சுத்தான் சொல்லீனம் எண்டு நினைப்பு வரும். ஒவ்வொருத்தரிட்டயும் "உங்களுக்கு ஆர் சொன்னது" எண்டு கேட்டுக்கொண்டு பின்னால போங்கோ, கன தரம் கடைசியில ஒரு ஆளிலயோ ரெண்டு ஆளிலயோ தான் வந்து நிக்கும். ஜனவரி தமிழ் மரபுத் திங்களில வேட்டி கட்டிப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில நிண்டு எடுத்த படமும் இந்தக் கணக்கு தான், தமிழர் இல்லாத வேட்பாளர்மாரும் அதை வடிவாச் செய்வினம். படம் எடுக்கிறதில பிழை இல்லை, அதை வைச்சு வாக்குப் போடாதேங்கோ எண்டு தான் சொல்லிறன்.

படத்துக்கும் பதிவுக்கும் உள்ள தூரத்தை ஒரு விசயத்தில பாக்கலாம். 2023 மார்ச் 8 ரொறன்ரோ பொதுக் கல்விச்சபையில சாதிப் பாகுபாடு பற்றின தீர்மானம் வந்தது, பள்ளிக்கூடங்களில சாதி ஒடுக்குமுறையைக் கையாள ஒரு வழிமுறையை உருவாக்கித் தாங்கோ எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவிட்டக் கேக்கிற தீர்மானம். 16 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. எங்கட சமூகத்துக்குள்ளயே கதைக்கக் கூசுற விசயம் இது. "தமிழ்ப் பிள்ளையளுக்காக நிப்பன்" எண்டு மேடையில எல்லாரும் சொல்லலாம், ஆனால் இப்பிடி ஒண்டு மேசைக்கு வரேக்க ஆர் எந்தப் பக்கம் நிண்டது எண்டதை சிபாரிசு செய்யிற ஆள் உங்களுக்குச் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரிஞ்சிருக்கவும் மாட்டுது. அது கூட்டத்தின்ர பதிவில தான் கிடக்கும்.

அடுத்தது நோட்டீஸும் வாக்குறுதியும். இதில நான் கொஞ்சம் கடுமையா இருக்கிறன். 2015இல புதுப் பாலியல் கல்விப் பாடத்திட்டம் வந்தநேரம் எங்கட தாய்தகப்பன்மாரும் எவ்வளவு பதட்டப்பட்டவை எண்டு நினைவிருக்கும், 2018இல அரசாங்கம் மாறி அதை நிப்பாட்டி, 2019இல திரும்பவும் புதுசு ஒண்டு கொண்டு வந்தவை. இந்த மூண்டு தரமும் முடிவெடுத்தது மாகாண அரசு, கல்விச்சபை இல்லை. பாடத்திட்டம் எழுதுறது மாகாணத்தின்ர வேலை. அப்ப "நான் வந்தால் பாடத்திட்டத்தை மாத்துவன்" எண்டு நோட்டீஸ் அடிக்கிற ஆள் ஒண்டில் வேலை தெரியாத ஆள், இல்லாட்டி தெரிஞ்சும் உங்கட பயத்தில வாக்கு வாங்கப் பாக்கிற ஆள். "கல்வி வரியைக் குறைப்பன்" எண்டதும் அப்பிடித்தான், அந்த வரி வீதத்தை 1990களின்ர கடைசியில இருந்து மாகாணம் தான் போடுது. "அந்த ரீச்சரைத் தூக்குவன், இந்த அதிபரை மாத்துவன்" எண்டதும் ஏலாது, ட்ரஸ்டிமார் சேர்ந்து வேலைக்கு எடுக்கிறதும் கணக்குக் கேக்கிறதும் டிரெக்டர் எண்ட ஒரேயொரு ஆளிட்ட, மிச்ச ஆக்கள் எல்லாம் அந்த ஆளுக்குக் கீழ.

ட்ரஸ்டிமாரால ஏலுமானது என்னெண்டால் சபையின்ர வரவுசெலவை அங்கீகரிக்கிறது, கொள்கை போடுறது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் எண்ட எல்லையைத் தீர்மானிக்கிறது, டிரெக்டரைத் தெரிவு செய்யிறது. இது சின்ன அதிகாரம் இல்லை. கலை, கணிதம், விஞ்ஞானம் மாதிரி விசேட புரோகிராமுகளுக்குத் திறமை பாத்து எடுக்கிறதை விட்டிட்டுக் குலுக்கலில எடுக்கிறது எண்டு 2022 மே மாசம் ரொறன்ரோ பொதுச் சபையில முடிவெடுத்தது ட்ரஸ்டிமார் தான், அந்தநேரம் எத்தினை தமிழ் வீட்டில இரவு முழுக்கக் கதை ஓடினது. சரியோ பிழையோ அது வேற விவாதம், ஆனால் அது அவையின்ர கையில இருந்த விசயம். நோட்டீஸை வாசிக்கேக்க இதை மட்டும் பாருங்கோ, அவை எழுதினதில எத்தினை இந்தப் பட்டியலுக்குள்ள விழுது, எத்தினை வெளியில விழுது. நோட்டீஸால அவ்வளவு தான் பிரயோசனம், அதுக்கு இது நல்ல பிரயோசனமும் கூட.

மூண்டாவது பதிவு. ஏற்கெனவே ட்ரஸ்டியா இருந்திட்டுத் திரும்பக் கேக்கிற ஆளுக்கு இதை விட நல்ல வழி இல்லை எண்டு தான் சொல்லுவன். கூட்டக் குறிப்புகள் சபையின்ர இணையத்தளத்தில கிடக்கும், ரொறன்ரோவில 2025இல மாகாணம் சபையைப் பொறுப்பெடுக்க முன்னம் கூட்டத்தை ஒன்லைனில நேரடியாவும் பாக்கக்கூடியதா இருந்தது. ஆர் வந்தது, ஆர் வரேல்லை, ஆர் வாய் திறந்தது, ஆர் கடைசிவரை பேசாமல் இருந்து கை மட்டும் தூக்கினது எண்டு ரெண்டு கூட்டம் பாத்தாலே பிடிபடும். செலவையும் பாருங்கோ. 2024இல பிரான்ட் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் கத்தோலிக்கச் சபையின்ர 4 ட்ரஸ்டிமார் புதுப் பள்ளிக்கூடத்துக்குச் சமயக் கலைப்பொருள் வாங்கப் போறம் எண்டு இத்தாலிக்குப் போய், பயணச் செலவு மட்டும் 45,000 டொலருக்குக் கிட்ட வந்து பெரிய பிரச்சினை ஆனது. அவையும் ஒரு காலத்தில ஆரோ நல்ல ஆக்கள் எண்டு சொல்லித்தான் தெரிவாகியிருப்பினம்.

ஆனால் பதிவுக்கும் குறை இருக்கு. ஒரு தீர்மானத்துக்கு எதிராப் போட்டவா ஏன் போட்டவா எண்டது வெறும் எண்ணிக்கையில வராது, சில நேரம் தீர்மானம் பலவீனமா இருக்குது எண்டு எதிர்த்திருப்பா. முக்கியமா, புதுசா நிக்கிற ஆளுக்குப் பதிவே இல்லை, பதிவு இல்லாத ஆளை எல்லாம் தள்ளினால் இருக்கிறவையே எப்பவும் இருக்க வேண்டியது தான். புது ஆள் எண்டால் பள்ளிக்கூடக் கவுன்சிலில, அதாவது பள்ளிக்கூடத்துத் தாய்தகப்பன்மாரின்ர குழுவில, இருந்தவரா எண்டு பாருங்கோ, இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துத் தாய்தகப்பன்மார் ரெண்டு மூண்டு பேரோட கதையுங்கோ, தெரிஞ்ச ஆக்களின்ர சொல்லுக்கு உண்மையான பெறுமதி வாறது இந்த இடத்தில தான்.

காசுக் கணக்கைச் சுருக்கமாச் சொல்லிறன். ஒன்ராறியோவில கொம்பனியும் தொழிற்சங்கமும் வேட்பாளருக்குக் காசு குடுக்கேலாது, ஒரு ஆள் ஒரு ட்ரஸ்டி வேட்பாளருக்கு ஆகக்கூடினது 1,200 டொலர், 100 டொலருக்கு மேல குடுத்தவையின்ர பேர் நிதி அறிக்கையில வரும். ஆனால் அந்த அறிக்கை தேர்தல் முடிஞ்சு அடுத்த வருசம் மார்ச் கடைசி மட்டும் வராது, ஆனபடியா முதல் தரம் நிக்கிற ஆளுக்கு இது உதவாது. போன தரமும் நிண்ட ஆள் எண்டால் ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ.

மிச்சம் இருக்கிறது நேர கேக்கிறது, நான் கூட நம்புற வழி இது தான். போன தேர்தல் நேரம் ரெண்டு வேட்பாளர்மார் வெவ்வேற நாளில எங்கட கதவைத் தட்டினவை. ரெண்டு பேரிட்டயும் ஒரே கேள்வி தான் கேட்டனான், சொந்தத்துக்குள்ள ஒரு பிள்ளைக்கு வகுப்பில உதவிக்கு ஒரு ஆள் தேவை, பள்ளிக்கூடம் இல்லை எண்டிது, நீங்கள் வந்தால் என்ன செய்வீங்கள். முதல் வந்தவர் கதை முடிய முதலே "அதை நான் பாக்கிறன் அக்கா, பேரைத் தாங்கோ, வென்ற அடுத்த நாள் ஆள் போடுவிக்கிறன்" எண்டார். மற்றவா கையில இருந்த நோட்டீஸ் கட்டைப் படியில வைச்சிட்டு, பிள்ளைக்கு ஐபிஆர்சி நடந்ததோ எண்டு கேட்டா. அது எண்டால் பிள்ளைக்கு என்ன விசேட தேவை, எந்த வகுப்பு எண்டு தீர்மானிக்கிற குழு. இன்னும் நடக்கேல்லை எண்டதும், "ஒரு பிள்ளைக்கு ஆள் போடச் சொல்லி ட்ரஸ்டியால உத்தரவு போடேலாது அக்கா, அப்பிடிச் சொன்னால் நான் பொய் சொல்லிறன். அதிபருக்கு எழுத்தில கேளுங்கோ, அவர் அந்தக் குழுவைக் கூட்டத்தான் வேணும். நான் செய்யக்கூடியது வரவுசெலவு நேரம் விசேட கல்விக்கு எவ்வளவு ஒதுக்கினம் எண்டு கேள்வி கேக்கிறதும், விசேட கல்வி ஆலோசனைக் குழுவில இருக்கக் கேக்கிறதும்" எண்டா. அந்தக் குழு ஒன்ராறியோவில ஒவ்வொரு கல்விச்சபையிலயும் இருக்கோணும் எண்டது சட்டம். முதல் ஆளின்ர பதில் கேக்க இனிமையா இருந்தது, ஆனால் பிள்ளைக்கு உதவினது ரெண்டாவது ஆளின்ர பதில், கடிதம் எழுதினாப்பிறகு தான் விசயம் நகர்ந்தது.

இதிலயும் ஏமாறலாம், வடிவாக் கதைக்கத் தெரிஞ்ச ஆள் எல்லாம் நேர்மையான ஆள் இல்லை. அதுக்காகத்தான் இன்னொரு கேள்வியையும் சேத்துக் கேளுங்கோ. 2025 ஜூன் 27 மாகாண அரசு ரொறன்ரோ பொதுச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை உட்பட 4 சபையளை ஒரே நாளில பொறுப்பெடுத்து சூப்பர்வைசர்மாரைப் போட்டது, அப்பிடிப் போட்டால் ட்ரஸ்டிமாரின்ர முடிவெடுக்கிற அதிகாரம் அவையிட்டப் போயிடும். "உங்கட சபைக்கும் அப்பிடி நடந்தால், இல்லாட்டி ஏற்கெனவே நடந்திருந்தால், என்ன செய்வீங்கள்" எண்டு கேளுங்கோ. இதுக்குப் பாடமாக்கின பதில் கைவசம் இருக்கிறது குறைவு, ஆள் யோசிச்சுப் பதில் சொல்லுறாரா, ஆரையாவது திட்டிப்போட்டுக் கதையை மாத்துறாரா எண்டு அந்த இடத்தில தெரியும்.

எனக்கு ஒரு பின்னேரம் தான் நேரம் இருக்கு எண்டால், திரும்ப நிக்கிற ஆளுக்குப் பதிவை முதல் பாப்பன், அதில ஒரு வாக்கை எடுத்து ஏன் இப்பிடிப் போட்டனீங்கள் எண்டு மின்னஞ்சல் போடுவன். புது ஆளுக்கு நேர ஃபோன். ஊர்ச் சிபாரிசை இந்த ரெண்டுக்கும் பிறகு தான் எடுப்பன், பொங்கல் படத்தை எடுக்கவே மாட்டன். தமிழ்ப் பேருக்காக மட்டும் போடுறதில எனக்கு உடன்பாடு இல்லை, தமிழ்ப் பிள்ளையளின்ர பிரச்சினை தெரிஞ்ச ஆள் உள்ள இருக்கோணும் எண்ட ஆசை எனக்கும் பலமா இருக்கு, அதுக்காகத்தான் தமிழ் வேட்பாளரிட்டயும் அதே கேள்வியளைக் கேக்கிறன்.

இவ்வளவும் செய்து போட்டு வாக்குச் சாவடியில ஏமாறாமல் இருக்க ஒண்டு. ஒன்ராறியோவில எல்லாரும் வழமையா ஆங்கிலப் பொதுச் சபை வாக்காளராத்தான் பதிவில இருப்பினம், கத்தோலிக்கர் கத்தோலிக்கச் சபைக்கு எண்டு பதிஞ்சிருந்தால் தான் அந்த ட்ரஸ்டிக்குப் போடேலும். பிள்ளை கத்தோலிக்க உயர்பள்ளியில படிக்குது எண்டு சைவக் குடும்பங்கள் கன பேர் அந்த வேட்பாளர்மாரை ஆராய்ஞ்சு கொண்டு திரியினம், கடைசியில அவைக்குக் கிடைக்கிறது பொதுச் சபைச் சீட்டு. முதல் உங்கட பேர் எந்தச் சபைக்குக் கீழ இருக்குது எண்டு பாத்திட்டு, அந்தச் சபைக்கு நிக்கிற ஆக்களுக்கு ஃபோனை எடுங்கோ.