கைமாற்றுப் பணம் திரும்பவில்லை: செக் வழக்கா, சிவில் வழக்கா, மக்கள் நீதிமன்றமா?

எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்திலிருந்து நான்கு லட்சத்தை, முப்பது வருடம் பழகிய நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்தார். நண்பர் கடனுக்காக எழுதிக் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. வக்கீல் நோட்டீஸ், செக் வழக்கு என்று எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வாய்தா வாய்தாவாக நான்கு வருடம் ஓடியது. குறுக்கு விசாரணை முடிந்து, வாதத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் நண்பர் மாரடைப்பில் இறந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கும் அதோடு முடிந்துவிடும். நண்பர் பெயரில் ஒரு வீடு இருந்தது. அதைக் காட்டிச் சிவில் வழக்குப் போடலாமா என்று பெரியப்பா கேட்டார். மூன்று வருடக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள்.

அன்றிலிருந்து இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். செக் வழக்கு நடக்கிறது என்பதற்காகச் சிவில் வழக்கின் கெடு நமக்காகக் காத்திருக்காது. இரண்டும் தனித்தனிப் பாதை. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் "முதல்ல செக் கேஸ் முடியட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள்.

செக் வழக்கை மக்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரிய பலம் 139ஆம் பிரிவு. செக்கில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று எதிரி, அதாவது நாம் யார்மேல் வழக்குப் போடுகிறோமோ அவர், ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகக் கொடுத்த செக் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் அவர்மேல் விழும். "வெறும் செக்கில் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், அவரே நிரப்பிக்கொண்டார்" என்ற வழக்கமான பதில் மட்டும் போதாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கும் ஒரு நல்ல சேதி உண்டு. இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். அதனால் அந்தக் கடனே செல்லாது என்று ஒரு வாதம் கிளம்பியிருந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆனாலும் ரொக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. "இவ்வளவு பணம் கொடுக்க உங்களுக்கு வசதி இருந்ததா, எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கையில் ஒரு பாஸ்புக் வரி கூட இல்லாதவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். பெரியப்பா வங்கி வழியாகக் கொடுத்திருந்ததால் அந்தக் கேள்வியில் அவரை அசைக்க முடியவில்லை.

செக் வழக்கில் உயிர்நாடி தேதிகள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்டச் செக் கொடுத்தவருக்கு 15 நாள். அது கழிந்ததும் ஒரு மாதத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் பிராது. கோபத்தில் அந்த 15 நாள் முடியும் முன்பே பிராது போட்டாலும் செல்லாது. நோட்டீஸ் கெடுவைத் தவறவிட்டால், செக் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, அது திரும்பியதை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும், சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிருந்தால் சேர்ந்ததாகவே கொள்வார்கள்.

ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது அப்படி இல்லை என்பது நீதிமன்ற வராண்டாவில் ஒரு காலை நின்றவர்களுக்குத் தெரியும். இழுத்தடிப்பதைக் குறைக்கத்தான் 2018இல் ஒரு திருத்தம் வந்தது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்க நடுவர் உத்தரவிடலாம். தண்டனைக்குப் பின் மேல்முறையீடு போனாலும், விதித்த அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம். இடைக்கால இழப்பீடு தானாக வராது, மனுப் போட்டுக் கேட்க வேண்டும். பெரியப்பா வழக்கில் அதை யாரும் கேட்கவே இல்லை, இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது சிவில் வழக்கு. முதல் தயக்கம் செலவு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் முன்பு ஏழரை சதவீதம், 2017இல் மூன்று சதவீதமாகக் குறைந்தது. நான்கு லட்சத்துக்குப் பன்னிரண்டாயிரம். வக்கீல் கட்டணம் தனி. செக் வழக்கில் கோரும் தொகைக்கு இத்தனை சதவீதம் என்று இப்படிக் கட்ட வேண்டியதில்லை. பலர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எதிரி இறந்தாலும் வழக்கு சாகாது. வாரிசுகளைச் சேர்த்து, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வசூலிக்கலாம். வட்டி கேட்கலாம். வழக்கு முடியும் முன்பே அவர் வீட்டை விற்கப் பார்த்தால், தீர்ப்புக்கு முன்னரே ஜப்தி கேட்டு மனுப் போடலாம். பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டது இந்த மூன்றும்தான்.

செக்கோ புரோநோட்டோ கையில் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்காகவே போடலாம். சம்மன் கிடைத்த பத்து நாளில் எதிரி ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சாதாரண வழக்கைவிட எவ்வளவோ மேல். வக்கீலிடம் இதை நாமே கேட்பது நல்லது.

சிவில் வழக்கின் பலவீனம் டிகிரிக்கு, அதாவது பணத்தைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணைக்கு, அப்புறம்தான் தெரியும். தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடாது. நிறைவேற்று மனுப் போட வேண்டும். எதிரியின் சொத்து எங்கே, எந்தப் பெயரில், எந்த வங்கியில் என்று தேடிக் கொடுப்பது நம் வேலை. சம்பளத்தை ஜப்தி செய்தாலும், முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. வருங்கால வைப்பு நிதியையும் தொட முடியாது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது, 2025இல் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது. நிலைமை புரிகிறதல்லவா?

மூன்றாவது மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். எதிரி கொஞ்சமாவது பேச வருகிறவர் என்றால் இங்கேதான் முதலில் போக வேண்டும் என்பது என் கட்சி. வழக்குப் போடும் முன்பே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. சமரசம் ஏற்பட்டால் அது சிவில் டிகிரிக்குச் சமம், அதன்மீது அப்பீல் இல்லை. ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டு இங்கே முடித்துக்கொண்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். நடுவர் நீதிமன்றத்திலிருந்து வந்த செக் வழக்கு இங்கே சமரசமானால், அந்த உத்தரவையும் டிகிரி போலவே நிறைவேற்றலாம் என்று 2011இலேயே தீர்ப்பு இருக்கிறது. நான்கு லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சம், எட்டுத் தவணை என்று முடிந்தாலும் நான் அதைத் தோல்வியாக நினைக்க மாட்டேன். ஒரே குறை, எதிரி சம்மதிக்காவிட்டால் எதுவும் நடக்காது.

காவல் நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் முதலில் ஓடுவது அங்கேதான். கடனைத் திருப்பிக் கொடுக்காதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது குற்றம். ஒரே நிலத்தைக் காட்டிப் பத்துப் பேரிடம் பணம் வாங்கியவர், போலிப் பத்திரம் காட்டியவர் என்றால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். மற்றபடி புகாரைப் பெற்றதற்கு அவர்கள் கொடுக்கும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு, "கூப்பிட்டு மிரட்டுவார்கள்" என்று காத்திருந்தால் போவது நம்முடைய நாட்கள்தான். அது கட்டப்பஞ்சாயத்தாக மாறினால் வருகிற பணத்திலும் பங்கு கேட்க ஆள் வருவார்கள்.

சரி, எதை எடுப்பது? வியாபாரம் செய்பவர், அரசு வேலையில் இருப்பவர், ஊரில் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர் என்றால் செக் வழக்கின் அழுத்தம் வேலை செய்யும். அவர்களில் பலர் பிடிவாரண்ட் வருவதற்குள் பேச வந்துவிடுவார்கள். எதிரிக்கு வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை, ஆனால் சொத்து இருக்கிறது என்றால் செக் வழக்கோடு நிற்காதீர்கள், சிவில் வழக்கையும் சேர்த்தே போடுங்கள். மூன்று வருடம் என்பது பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடும். நடுவில் வட்டியாகக் கொஞ்சம் கொடுத்து அவர் கைப்பட எழுதியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு கெடு முடியும் முன்பே கையெழுத்திட்டிருந்தாலோ அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணலாம். அந்தத் துண்டுச் சீட்டைக் கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

எதிரியிடம் இன்று எதுவுமே இல்லை என்றாலும் நான் சிவில் டிகிரியைத்தான் வாங்கி வைக்கச் சொல்வேன். பண டிகிரிக்கு ஆயுள் 12 வருடம். இன்று கையில் ஒன்றும் இல்லாதவருக்கு ஐந்து வருடம் கழித்துப் பூர்வீகச் சொத்தில் ஒரு பங்கு வந்து சேரலாம்.