ஸ்பிரிங் ஸ்டீல் என்று சொல்லி 2,850 ரூபாய்க்கு வெறும் இரும்புப் பட்டை: டென்ஷன் டூல் செய்பவர்கள் கவனம்

பூட்டு பிக்கிங்கைப் (சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் கலை) பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள், டென்ஷன் டூலை (பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் எல் வடிவப் பட்டை) வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்கள், பட்டை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் 2,850 ரூபாய் போன கதை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எல்லாப் பொருளும் கிடைக்கும் பெரிய ஆன்லைன் தளம். அதில் கருவி செய்வதற்கான உலோகப் பட்டைகள் விற்கும் ஒரு கடை. "301 ஸ்டெயின்லெஸ், ஃபுல் ஹார்டு, ஸ்பிரிங் டெம்பர்" என்று தலைப்பு. அதாவது, குளிர்நிலையில் உருட்டி முழுக்கக் கடினமாக்கிய, ஸ்பிரிங் போல விறைப்பான துருப்பிடிக்காத எஃகு. 0.6, 0.8, 1.0 மி.மீ. கனத்தில், 3 மி.மீ. அகலத்தில், மொத்தம் 24 பட்டைகள், 2,850 ரூபாய். படத்தில் டிஜிட்டல் வெர்னியரின் (கனம் அளக்கும் கருவி) வாயில் பட்டை, திரையில் 1.00. அடுத்த படத்தில் அதே பட்டையை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்திருந்தார்கள். ஃபுல் ஹார்டா, ஹாஃப் ஹார்டா என்று கேள்வி போட்டதும் உடனே பதில்: "ஃபுல் ஹார்டுதான் சார். ஹாஃப் ஹார்டு உங்க வேலைக்கு நிக்காது. மில் சர்டிஃபிகேட்டோட வரும்." (மில் சர்டிஃபிகேட் என்பது உலோகத்தின் தரத்துக்கு ஆலை தரும் சான்று.) விஷயம் தெரிந்தவன் சொல்கிற பதில் இது. நம்பிப் பணம் கட்ட வைத்தது அந்த ஒரு வரிதான்.

வந்தது என்ன? பளபளவென்று 24 பட்டைகள். 1.0 என்று சீட்டு ஒட்டியது வெர்னியரில் 0.82. 0.8 என்றது 0.7. சர்டிஃபிகேட் இல்லை. பட்டையின் ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையை 30 டிகிரி தள்ளிவிட்டால், நிஜ ஸ்பிரிங் ஸ்டீல் விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். இது தள்ளிய இடத்திலேயே நின்றது. ஓரத்தில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்ததும் மேலே இருந்த வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. அரம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெட்டு முனையை ஈரத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் செந்துரு. 301 ஸ்டெயின்லெஸ் ஒரே ராத்திரியில் இப்படித் துருப்பிடிக்காது. பூச்சுப் போட்ட மைல்டு ஸ்டீல் (மெத்தென்ற சாதாரண இரும்பு), சந்தேகமே இல்லை.

ஒரு சின்ன இரும்புப் பட்டைக்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்களுக்கு: பின் டம்ளர் பூட்டை (வரிசையாக நிற்கும் சின்னக் கம்பிகளான பின்கள் தடுத்துப் பிடிக்கும் பூட்டு) திறக்கிற வேலையில் பாதி டென்ஷன் டூலுடையது. பிளக்கை (சாவி நுழைந்து சுழலும் உருளை) லேசாகத் திருப்பிப் பிடித்தால், பின்களின் துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் ஏதாவது ஒரு பின் முதலில் இறுகும். அதை பிக்கால் (பின்களைத் தள்ளும் மெல்லிய கம்பி) தள்ளி வெட்டுக்கோட்டுக்குக் (பிளக்கும் வெளிக்கூடும் சந்திக்கும் கோடு) கொண்டுவந்ததும் பிளக் மயிரிழை அளவு நகரும், அடுத்த பின் இறுகும். அந்த மயிரிழை நகர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். ஸ்பூல் பின் (நடுவில் குறுகிய, ஏமாற்றும் பின்) இருந்தால் பிளக் கொஞ்சம் எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். அதை உணர்ந்து அழுத்தத்தைக் குறைத்து வழிவிட வேண்டும். மெத்தென்ற இரும்பில் இது எதுவும் விரலுக்கு வராது. கொடுத்த அழுத்தம் எல்லாம் பட்டையின் வளைவை விரிப்பதிலேயே போய்விடும். பட்டை வளைந்து கொடுத்த நொடியில் பிளக் தளரும், அதுவரை செட் ஆன பின்கள் எல்லாம் திரும்பி விழும்.

கனம் குறைந்தது இன்னொரு கொடுமை. பின்கள் இருக்கும் பக்கத்தில் சாவித்துளையின் வாயில் நுழைக்கிற டூலுக்கு (டாப் ஆஃப் கீவே என்பது அதுதான்) கனம்தான் உயிர். துளையின் அகலத்தை அது ஏறக்குறைய நிரப்ப வேண்டும். பல பூட்டுகளுக்கு 1.0 முதல் 1.3 மி.மீ. வரை தேவைப்படும். 0.82 போட்டால் துளைக்குள் சாய்ந்து, அழுத்தும்போது வழுக்கி வெளியே வரும். உள்ளே போகும் மூக்கு 3 முதல் 4 மி.மீ. நீளம் போதும். நீண்டால் முதல் பின்னில் முட்டி அதை நகரவிடாது. எதிர்ப்பக்கத்தில் வைக்கும் டூலுக்கு 0.6, 0.8 போதும். ஆனால் அதன் ஓரம் பிளக்கைத் தாண்டி வெளிக்கூட்டில் உரசக் கூடாது. உரசினால் பிளக் இறுகுகிறதா, டூல் இறுகுகிறதா என்றே தெரியாது. இத்தனையும் கணக்குப் பார்த்து அளவு கேட்டு வாங்கினால், அளவிலேயே பொய்.

"எல்லா இந்தியப் பூட்டுக்கும் பொருந்தும்" என்று வேறு போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல், அலிகார் பூட்டுகளில் பல லீவர் பூட்டுகள் (பின்களுக்குப் பதில் உள்ளே தகடுகள் இருக்கும்). அவற்றில் உள்ளே இருக்கும் போல்ட்டுக்கு (தாழ்) அழுத்தம் கொடுக்க வேண்டும், அதற்கான கருவியின் வடிவமே வேறு. இந்த எல் வடிவப் பட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

இனி கடைக்காரரின் பதில்கள். முதல் பதில்: "காந்தம் ஒட்டுதா சார்? ஒட்டினா ஒரிஜினல் ஸ்டீல்." காந்தம் மைல்டு ஸ்டீலிலும் ஒட்டும், கார்பன் ஸ்பிரிங் ஸ்டீலிலும் ஒட்டும். குளிர்நிலையில் உருட்டிக் கடினமாக்கிய 301-லும் ஓரளவு ஒட்டும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சர்டிஃபிகேட் கேட்டால் மங்கலான ஒரு பிடிஎஃப் வந்தது, அதுவும் 2 மி.மீ. தகட்டுக்கானது. பிறகு பதிலே இல்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, "பொருள் வளைந்த நிலையில் உள்ளது, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்கிறது. ஸ்பிரிங் ஸ்டீலா என்று வளைத்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? வளைக்காத 22 பட்டைகள் அப்படியே இருக்கின்றன, அதையாவது எடுங்கள் என்றால், "அளவுக்கு வெட்டிய பொருள், ரிட்டர்ன் பிரிவில் வராது." வெர்னியர் படங்களை அனுப்பினால், "படம் தெளிவாக இல்லை." புகாரைத் தீர்ந்தது என்று அவர்களாகவே மூடிவிட்டார்கள். 2,850 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது.

வேதனை என்னவென்றால், நல்ல உலோகம் மெக்கானிக் கடை வாசலிலேயே கிடக்கிறது. 0.05 முதல் 1.00 மி.மீ. வரை 20 தகடு கொண்ட ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் கருவி) செட் சில நூறு ரூபாய். ஒவ்வொரு தகட்டிலும் கனம் பொறித்திருக்கும், அசல் ஸ்பிரிங் ஸ்டீல். பழைய பிரேம் மாடல் வைப்பர் பிளேடின் ரப்பருக்கு இருபுறமும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கம்பிப் பட்டைகள் இருக்கும், தூக்கிப் போடுகிற சாமான். 2.5 மி.மீ. ஆலன் கீயின் (எல் வடிவ அறுகோணச் சாவி) குட்டைக் காலைச் சாணை பிடித்துத் தட்டையாக்கினால் வளைக்கிற வேலையே மிச்சம்.

எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன், விரிவாக எழுதுகிற மனநிலை இல்லை. சாணை பிடிக்கும்போது சில நொடிக்கொரு முறை தண்ணீரில் முக்குங்கள். முனை நீலம் பாய்ந்தால் பதம் இறங்கத் தொடங்கிவிட்டது. 301-ஐ மட்டும் நெருப்பில் காட்டாதீர்கள். சிவக்கக் காய்ந்தால் அதன் விறைப்பு போய்விடும், எண்ணெயில் முக்கினாலும் திரும்பாது. வளைக்கும்போது வைஸின் கூர் ஓரத்தில் மடிக்காதீர்கள், கனத்தைப் போல இரண்டு மடங்காவது உள்வளைவு விடுங்கள், இல்லையென்றால் விரிசல். பிசிறை அரத்தால் எடுத்து 400, 800 எமரி பேப்பர் போடுங்கள். கதவில் மாட்டியிருக்கும் பூட்டில் பழகாதீர்கள், கையில் இருக்கும் சொந்தப் பூட்டு மட்டும்.

ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், பார்சலைப் பிரிப்பதையும் வெர்னியர் வைப்பதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். "அளவுக்கு வெட்டியது" என்று எங்காவது சின்ன எழுத்தில் இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.